டி எழுத்துக்குப் பின்னால் இன்னொரு டி

1956-இல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலை 109 கோடிக்கும் மேற்பட்ட ஒரு சென்ட் காசுகளை அச்சடித்தது. எல்லாவற்றிலும் ஆண்டுக்குக் கீழே 'டி' என்ற ஆங்கில எழுத்து சின்னதாக இருக்கும். ஒரு டையிலிருந்து, அதாவது காசை அடிக்கும் ஒரு எஃகு அச்சிலிருந்து, வந்த காசுகளில் அந்த டிக்குக் கீழே இன்னொரு டி இருக்கிறது. முதல் எழுத்தோடு ஒட்டாமல், நன்றாக விலகி, கொஞ்சம் மங்கலாக நிற்கிறது. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப்பில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தொழிலாளி சுத்தியலைத் தட்டியிருக்கிறார். இடம் சரியில்லை என்று தெரிந்ததும், எழுத்தை மேலே நகர்த்தி வைத்து மறுபடி தட்டியிருக்கிறார். அந்தக் காரியம் முழுவதும் அப்படியே காசில் பதிந்து கிடக்கிறது.

இந்த வகைக் காசுகளைச் சேகரிப்பவர்கள் ரீபஞ்ச்டு மின்ட் மார்க் (மறுபடி குத்திய குறி), சுருக்கமாக ஆர்.பி.எம். என்கிறார்கள். மின்ட் மார்க் என்பது காசு எந்த நாணயச்சாலையில் அச்சானது என்று சொல்லும் குறி. நம் ரூபாய்க் காசுகளில் ஆண்டுக்குக் கீழே வைரம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, ஒன்றுமே இல்லையென்றால் கொல்கத்தா. அமெரிக்கர்கள் எழுத்துகளை வைத்தார்கள். டென்வருக்கு டி, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ், பழைய நியூ ஆர்லியன்ஸ் சாலைக்கு ஓ, நெவாடாவின் கார்சன் சிட்டிக்கு சிசி. பிலடெல்பியா தலைமைச் சாலை என்பதால் நெடுங்காலம் அதன் காசுகளில் பெரும்பாலும் குறியே கிடையாது.

நியூ ஜெர்சிக்கு வேலைக்கு வந்த பிறகு எனக்கு இந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது. வங்கியில் சென்ட் ரோல்கள் வாங்கி, சாப்பாட்டு மேசையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் பார்ப்பேன். ஆரம்பத்தில் எல்லோரையும் போல நானும் படங்களை வைத்து ஒப்பிட்டுத்தான் பார்த்தேன். புத்தகத்தில் ஒரு படம், கையில் ஒரு காசு, இரண்டும் ஒத்துப்போகிறதா என்ற பார்வை. இப்போது என் கருத்து வேறு. காசு எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரியாமல் ஆர்.பி.எம். தேடுவது வீண் வேலை. ஒரு எழுத்து ரெட்டையாகத் தெரிய எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றே ஒன்றுதான் நாம் தேடுவது. கண்ணுக்குத் தெரிகிற ரெட்டை எந்தக் கட்டத்தில் உண்டானது என்று கேட்கத் தெரிந்துவிட்டால், அப்புறம் படம் துணைக்கு வந்தால் போதும்.

அதனால் செய்முறையிலிருந்து தொடங்குகிறேன். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

காசின் உருவத்தை முதலில் பெரிய மாதிரியாகச் செதுக்குவார்கள். அதை யந்திரத்தால் காசின் அளவுக்குச் சுருக்கி எஃகில் எடுப்பது ஹப். ஹப்பில் உருவம் காசில் இருப்பது போலவே புடைத்து இருக்கும், எழுத்துகளும் நேராகப் படிக்கக் கிடைக்கும். அந்த ஹப்பை மிருதுவான எஃகில் அழுத்தினால் உருவம் பள்ளமாகவும் இடவலம் மாறியும் விழும். அது டை. மூல ஹப்பிலிருந்து மூல டை, அதிலிருந்து வேலை ஹப்கள், அவற்றிலிருந்து வேலை டைகள் என்று பெருகிக்கொண்டே போகும். கடைசியில் வேலை டைதான் வெறும் உலோக வில்லையை அடித்துக் காசாக்குகிறது. ஒரு டை தேய்ந்து ஒதுக்கப்படும் முன் லட்சக்கணக்கான காசுகளை அடித்துவிடும்.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒரே உருவம் பிலடெல்பியா, டென்வர், சான் பிரான்சிஸ்கோ என்ற மூன்று சாலைகளுக்கும் போக வேண்டும். அதனால் ஹப்பில் மின்ட் மார்க் இருக்காது. வேலை டை தயாரானதும், எந்த டை எந்த ஊருக்கு என்று பிரித்து, பஞ்ச் என்ற சின்ன எஃகுக் கருவியைக் கையில் பிடித்து, டையின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுவார்கள். பஞ்ச் நுனியில் டி அல்லது எஸ் புடைத்து இருக்கும். தட்டி முடித்த பிறகுதான் டையைச் சூடாக்கிக் கெட்டிப்படுத்துவார்கள். இந்த வேலை முழுவதும் பிலடெல்பியாவில் நடந்தது. டென்வரில் டை செய்யும் பட்டறையே 1996-இல்தான் வந்தது. ஆக, 1956 காசின் இரண்டாவது டிக்கு டென்வர்க்காரர்கள் பொறுப்பே இல்லை. அவர்கள் வந்த டையை யந்திரத்தில் மாட்டினார்கள், அவ்வளவுதான்.

ஒரே தட்டில் எழுத்து ஆழமாக இறங்காது, சில தட்டுகள் வேண்டும். தட்டுக்கும் தட்டுக்கும் நடுவே பஞ்ச் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் இரண்டு பள்ளம் விழும். போஸ்ட் ஆபீஸில் ஒரே கடிதத்தின் மேல் முத்திரை இரண்டு முறை விழுந்து தேதி கலங்கித் தெரியுமே, அது எஃகில் நடக்கிறது. சில சமயம் முதல் தட்டு சாய்ந்துவிடும். சில சமயம் மிக மெலிதாக விழும். சில சமயம் இடமே தப்பிவிடும், அல்லது எழுத்து படுத்துவிடும். உழைத்துச் செய்த டையை ஒரு எழுத்துக்காக யாரும் தூக்கிப்போட மாட்டார்கள். சரியான இடத்தில் இன்னொரு முறை குத்தி அனுப்பிவிடுவார்கள். முதல் பள்ளத்தை முழுதாக அழிக்க வழி இல்லை.

படுத்துவிட்ட எழுத்துக்கு இரண்டு அருமையான சாட்சிகள் இருக்கின்றன. 1909, லிங்கன் முகம் சென்டில் முதன்முதலாக வந்த ஆண்டு. செதுக்கிய விக்டர் டேவிட் பிரென்னரின் முதலெழுத்துகளான வி.டி.பி. பின்பக்கத்தில் பெரிதாக இருக்கிறது என்று எதிர்ப்பு எழ, அதை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு சான் பிரான்சிஸ்கோ அடித்த சென்ட்கள் 18,25,000. அவற்றில் ஒரு டையில் எஸ் முதலில் பக்கவாட்டில் படுத்து விழுந்திருக்கிறது. பிறகு நிமிர்த்திக் குத்தியிருக்கிறார்கள். நிமிர்ந்த எஸ்ஸின் அடியிலிருந்து படுத்த எஸ்ஸின் வளைவுகள் எட்டிப் பார்க்கும். இன்னொன்று 1942 டென்வர் ஐந்து சென்ட், ஜெஃபர்சன் நிக்கல். பின்பக்கத்தில் மான்டிசெல்லோ மாளிகைக்கு வலப்பக்கம் உள்ள டியின் கீழே படுத்த டி ஒன்று கிடக்கிறது. எழுத்தின் நிலையே 90 டிகிரி திரும்பியிருப்பதால், இந்த இரண்டிலும் வேறு எந்தக் காரணத்தையும் சொல்ல முடியாது. காசு அடிக்கும்போது நேரும் எந்த நழுவலும் ஒரு எழுத்தைச் சுழற்றிப் படுக்க வைக்காது. புதிதாக வருபவர்கள் இந்தக் காசுகளின் படங்களை முதலில் பார்ப்பது நல்லது என்று நினைக்கிறேன். உண்மையான ரீபஞ்ச் எவ்வளவு தெளிவாகப் பேசும் என்பது மனசில் பதிந்துவிடும்.

சரி, இப்போது கையில் ஒரு காசு. டி ரெட்டையாகத் தெரிகிறது. என்ன செய்வது?

சித்தி மகன் ஒருவன் மதுரையில் வெளிநாட்டுக் காசு சேர்க்கிறான். ஒருநாள் வாட்ஸ்அப்பில் 1964 டென்வர் சென்ட் ஒன்றின் படம் அனுப்பினான். "அண்ணே, இது ஆர்.பி.எம். தானே? விக்கிறவர் பெரிய விலை சொல்றாரு" என்று கேட்டான். டியின் வலப்பக்கத்தில் ஒரு படி போலத் தெரிந்தது. "ஆண்டையும் சேர்த்து எடுத்து அனுப்புப்பா. லைட்டை ஒரு பக்கம் மட்டும் வை" என்றேன். அடுத்த படத்தில் விடை வந்துவிட்டது. 1964 என்ற இலக்கங்களிலும் அதே பக்கம், அதே போன்ற தட்டையான படி.

ஆண்டும் மற்ற எழுத்துகளும் ஹப்பிலிருந்து டைக்கு வந்தவை. மின்ட் மார்க் கையால் வந்தது. இரண்டும் வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு விதமாக உண்டானவை. இரண்டிலும் ஒரே திசையில் ஒரே மாதிரி ரெட்டை தெரிந்தால், இரண்டும் ஒன்றாக இருந்த ஒரு கட்டத்தில்தான் அது நடந்திருக்க வேண்டும். அதாவது காசு அடிபடும் கணத்தில். டை யந்திரத்தில் இறுக்கமாக உட்காராமல் ஆடினால், அடித்துவிட்டு விலகும்போது காசின் மேல் லேசாக உரசி, புடைத்த உலோகத்தின் ஓரத்தைத் தள்ளிவிடும். இதை மெஷின் டபுளிங் என்பார்கள். சேகரிப்பாளர் கணக்கில் இதற்குக் கூடுதல் விலை கிடையாது. "இதுக்குக் காசு குடுக்காதே" என்று சொல்லிவிட்டேன். அவனும் கேட்டுக்கொண்டான்.

இதில் ஒரு பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டாலும் சிக்கல். மெஷின் டபுளிங் ஆண்டைத் தொடாமல் மின்ட் மார்க்கில் மட்டும் வருவதும் சாதாரணம். எனவே ஆண்டில் ரெட்டை இல்லை என்பதற்காக மட்டும் ஆர்.பி.எம். என்று முடிவு கட்டக்கூடாது. அப்போது ரெட்டையின் உடம்பைப் பார்க்க வேண்டும். மெஷின் டபுளிங்கில் உலோகம் இருந்த இடத்திலிருந்து தள்ளப்படுகிறது. அதனால் எழுத்தின் உயரமான பகுதி மெலிந்து, அதன் காலடியில் பளபளப்பான தட்டைப் படி ஒன்று நிற்கும். இரண்டையும் சேர்த்து அளந்தால் எழுத்தின் இயல்பான அகலம்தான் வரும். ரீபஞ்சில் பள்ளம் கூடுதலாக விழுந்திருக்கிறது. முதல் எழுத்து தன் முழு அகலத்தோடு இருக்கும், அதற்கு வெளியே இன்னொரு எழுத்தின் பகுதி புடைத்து, உருண்டு, தன் சொந்த விளிம்போடு தெரியும். எழுத்து மெலிந்திருக்கிறதா, தடித்திருக்கிறதா? என்னைப் பொறுத்தவரை இந்த ஒரு கேள்வியே முக்கால்வாசிக் காசுகளை ஒதுக்கித் தள்ளிவிடும்.

எழுத்தின் அமைப்பும் கை கொடுக்கும். டிக்கு இடப்பக்கம் நேரான தண்டு, அதன் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் வெளியே நீளும் சிறு கால்கள். அவற்றைச் செரிஃப் என்பார்கள். இரண்டு டிகள் சிறிது விலகி விழுந்தால் செரிஃப்கள் பிளவுபட்டுத் தெரியும், நடுவே ஒரு வெட்டு இருக்கும். நான் முதலில் பார்ப்பது அந்த வெட்டைத்தான். அடுத்து டியின் வயிற்றுக்குள் பார்ப்பேன். இரண்டாவது டி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் அதன் தண்டு முதல் டியின் வயிற்றுக்குள் ஒரு நேர்கோடாக நிற்க வேண்டும். இடப்பக்கம் நகர்ந்திருந்தால் அதன் வளைவு வயிற்றுக்குள் விழ வேண்டும். மேலே நகர்ந்திருந்தால் மேல் செரிஃப்புக்கு மேல் இன்னொரு செரிஃப்பும், வயிற்றின் அடியில் ஒரு கோடும் வர வேண்டும். வெளியே தெரிகிற துண்டும் உள்ளே தெரிகிற துண்டும் ஒரே எழுத்தின் இரண்டு முனைகளாகப் பொருந்தினால் நம்பலாம். வெளியே மட்டும் ஏதோ இருந்து உள்ளே வடிவமே இல்லாத ஒரு கட்டி இருந்தால், டையில் ஒரு சில்லு உடைந்து விழுந்த தடம் என்று எடுத்துக்கொள்வேன். எஸ் எழுத்து இன்னும் கடினம். எங்கும் வளைவு, பிடித்துக்கொள்ள நேர்கோடு இல்லை. மேல் வளைவுக்குள்ளும் கீழ் வளைவுக்குள்ளும் செரிஃப் நுனிகளைத் தேட வேண்டும். பஞ்சின் வடிவமும் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. 1941 சான் பிரான்சிஸ்கோ சென்ட்களிலேயே பெரிய எஸ், சிறிய எஸ் என்று இரண்டு உண்டு. அந்தந்த ஆண்டின் சாதாரண எஸ் எப்படி இருக்கும் என்று தெரியாமல் அசாதாரணமானதைப் பிடிக்க முடியாது. சாதாரணக் காசுகளை நிறையப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

வெளிச்சம் பற்றி ஒரு வார்த்தை. போனின் ஃபிளாஷும் டியூப் லைட்டும் சேர்ந்து ஒரு எழுத்துக்கு இரண்டு நிழல் கொடுத்துவிடும். ஒரே ஒரு விளக்கைப் பக்கவாட்டில் தாழ வைத்து, காசை மெல்லச் சுற்றுங்கள். நிழல் சுற்றுக்குத் தக்கபடி இடம் மாறும். உண்மையான இரண்டாவது எழுத்து இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து மடங்கு லூப் தேடுவதற்குப் போதும். உறுதி செய்ய இருபது, முப்பது மடங்கு காட்டும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப் இருந்தால் வசதி. அதற்கு மேல் பெருக்கினால் கீறலும் தூசியும்தான் பெரிதாகும்.

டை தேய்ந்து உண்டாகும் ரெட்டையும் ஏமாற்றும். லட்சக்கணக்கான முறை அடித்த டையில் எழுத்தின் ஓரங்கள் அரிக்கப்பட்டு, காசில் எழுத்தைச் சுற்றி ஊதினாற்போல ஒரு நிழல் தெரியும். 1955 பிலடெல்பியா சென்டில் புகழ்பெற்ற டபுள்டு டை ஒன்று உண்டு, ஆண்டும் வாசகங்களும் வெறும் கண்ணுக்கே ரெட்டையாகத் தெரியும். அதே ஆண்டின் தேய்ந்த டையிலிருந்து வந்த காசுகளில் கடைசி 5 மட்டும் கலங்கித் தெரியும். அதை வாங்கி ஆறுதல் பட்டுக்கொண்டவர்கள் ஏராளம். அதே தேய்மானம் மின்ட் மார்க்கிலும் வரும். 1982-இல் சென்ட் துத்தநாகத்தின் மேல் செம்புப் பூச்சாக மாறியதும் பூச்சுக்கு அடியில் கொப்புளங்களும் சேர்ந்துகொண்டன. எழுத்தின் ஓரம் கூர்மையில்லாமல், ஊதி, திசை எதுவும் இல்லாமல் சுற்றிலும் படர்ந்திருந்தால் ஆர்.பி.எம். என்ற ஆசையை விட்டுவிட வேண்டியதுதான்.

இன்னும் எளிய வடிகட்டி ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆண்டைப் பாருங்கள். கையால் குத்தும் முறை என்றென்றைக்கும் நீடிக்கவில்லை. 1982-இல் பிலடெல்பியாவில் பத்து சென்ட் டைம் காசின் டை ஒன்றில் 'பி' குத்தவே மறந்துபோய், குறியில்லாத காசுகள் வெளியே போய்விட்டன. இப்படிப்பட்ட நழுவல்களுக்கு இடம் கொடுக்காமல், 1985-இல் சேகரிப்பாளர்களுக்கான புரூஃப் காசுகளில் மின்ட் மார்க்கை மூல டையிலேயே சேர்த்தார்கள். புழக்கக் காசுகளில் சென்டுக்கும் நிக்கலுக்கும் 1990-இல், மற்றவற்றுக்கு 1991-இல் அது வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வேலை டையிலும் தனித்தனியாகச் சுத்தியல் விழவில்லை. 2005 டென்வர் சென்டை ஆர்.பி.எம். என்று யாராவது விற்றால், லூப்பைக் கையில் எடுக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இன்னொரு இடைவெளியும் உண்டு. 1965 முதல் 1967 வரை அமெரிக்கக் காசுகளில் மின்ட் மார்க்கே கிடையாது. 1968-இல்தான் திரும்ப வந்தது.

ஆர்.பி.எம்.முக்குச் சொந்தக்காரன் ஒன்று உண்டு, எனக்கு அதன் மேல் பிரியம் அதிகம். ஒரு சாலையின் எழுத்தின் மேல் வேறு சாலையின் எழுத்து. ஓவர் மின்ட் மார்க், ஓ.எம்.எம். என்பார்கள். 1938-இல் எருமை நிக்கல் தன் கடைசி ஆண்டில் இருந்தது. சான் பிரான்சிஸ்கோவுக்கென்று எஸ் குத்திய டைகள் தயாராகிவிட்டன. ஆனால் அங்கே அந்த ஆண்டு எருமை நிக்கல் அடிக்கவே இல்லை, டென்வர் மட்டும்தான் அடித்தது. எஸ்ஸின் மேலேயே டியைக் குத்தி டென்வருக்கு அனுப்பிவிட்டார்கள். கைக்குக் கை எத்தனையோ முறை மாறிய காசு, அதை 1962 வரை யாரும் கவனிக்கவில்லை! கவனித்த பிறகு மற்ற ஆண்டுகளையும் குடைய ஆரம்பித்தார்கள். 1944 டென்வர் சென்ட் சிலவற்றில் டிக்கு மேலே எஸ்ஸின் தலை தெரிகிறது. 1950-இல் கால் டாலர் காசுகளில் எஸ்ஸின் மேல் டியும் உண்டு, டியின் மேல் எஸ்ஸும் உண்டு. ஒரே ஆண்டில் இரு திசையிலும் டைகள் மாறியிருக்கின்றன.

எல்லாவற்றிலும் பெரிய கதை 1900 நியூ ஆர்லியன்ஸ் மார்கன் வெள்ளி டாலர். கார்சன் சிட்டி சாலை 1893-இல் காசு அடிப்பதை நிறுத்திவிட்டது. 1899-இல் நாணயச்சாலை என்ற தகுதியையும் இழந்தது. அங்கே மிஞ்சிய பின்பக்க டைகள் பிலடெல்பியாவுக்குத் திரும்பி வந்தன. வீணாக்காமல், சிசி என்ற இரண்டு எழுத்துகளின் மேல் ஒற்றை ஓவைக் குத்தி நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பினார்கள். ஓவின் இரு புறமும் சிசியின் மிச்சங்கள் தெரிகிற அந்தக் காசை முதன்முதலாகக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. மூடிப்போன ஒரு சாலையின் வரலாறு ஒரு எழுத்தின் அடியில் அடங்கியிருக்கிறது. ஆவணத்தில் படிப்பதும் கையில் பிடிப்பதும் ஒன்றில்லை.

சரி, ஆர்.பி.எம். தான் என்று உறுதியாகிவிட்டது. அடுத்த வேலை அது எந்த டை என்று கண்டுபிடிப்பது. ஒரு டையின் ரெட்டை அந்த டை அடித்த எல்லாக் காசிலும் ஒரே இடத்தில் இருக்கும். அதனால் ஒவ்வொரு டைக்கும் எண் கொடுத்துப் பட்டியல் போட முடிகிறது. அமெரிக்காவில் கோனெக்கா என்ற பிழைக்காசு சேகரிப்பாளர் அமைப்புக்கு ஒரு எண் வரிசை உண்டு, இந்த வகைகளைப் பட்டியலிட்ட வெக்ஸ்லருக்கு ஒன்று, ஃபிவாஸும் ஸ்டான்டனும் தொகுத்த வழிகாட்டிக்கு ஒன்று. ஒரே காசுக்கு மூன்று எண்கள் என்பது ஆரம்பத்தில் தலை சுற்றும், பழகிவிடும். திசைகளை வரைபடம் போலச் சொல்வார்கள். காசை நேராக வைத்தால் மேலே வடக்கு, வலப்பக்கம் கிழக்கு. "டி மேல் டி தெற்கு" என்றால், அழுத்தமான டிக்குக் கீழே மெலிந்த டி.

திசை ஒத்துப்போனால் போதாது. ஒரே ஆண்டில் வடக்கு நோக்கி நகர்ந்த டைகள் பல இருக்கலாம். மின்ட் மார்க் ஆண்டின் எந்த இலக்கத்துக்குக் கீழே, எவ்வளவு இடைவெளியில், எவ்வளவு சாய்ந்து நிற்கிறது என்று பார்க்க வேண்டும். கையால் வைத்த எழுத்து என்பதால் எந்த இரண்டு டையிலும் அது மிகச் சரியாக ஒரே இடத்தில் விழுவதில்லை. அப்புறம் டைக்கே உரிய கீறல்கள், விரிசல்கள், மெருகேற்றியபோது விழுந்த கோடுகள். இவை காசில் புடைத்துத் தெரியும். புழக்கத்தில் விழுந்த கீறலோ பள்ளமாக இருக்கும். புடைத்த கோடா, பள்ளக் கோடா என்று பிரித்துப் பார்ப்பது இந்த வேலையின் அரிச்சுவடி.

டைக்கும் வயது உண்டு. மங்கலாகத் தெரியும் இரண்டாவது எழுத்து பொதுவாக அழுத்தமான எழுத்தைவிட ஆழம் குறைவாக விழுந்திருக்கும். டை தேயத் தேய, மெருகேற்ற மெருகேற்ற, ஆழமில்லாத பள்ளம்தான் முதலில் மறையும். அதனால் டையின் இளமையில் அடித்த காசில் பளிச்சென்று தெரியும் இரண்டாவது டி, அதே டையின் முதுமையில் அடித்த காசில் ஒரு நிழலாகக்கூட இருக்காது. பட்டியலில் உள்ள படத்தோடு உங்கள் காசு சற்று மாறுபட்டால் இதையும் யோசியுங்கள். நான் மிகவும் நம்பும் சான்று இன்னொரு காசு. அதே கீறல், அதே ரெட்டை உள்ள இரண்டாவது காசு கிடைத்துவிட்டால் காரணம் டையில் இருக்கிறது என்று உறுதி. மெஷின் டபுளிங் காசுக்குக் காசு மாறும்.

எழுத்தையே பார்த்துக்கொண்டு மற்றதை மறந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. 1914 டென்வர் சென்ட் அரிதானது, 12 லட்சத்துக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் அடித்தார்கள். 1944 டென்வர் சென்டில் முதல் 4-ஐச் சுரண்டி 1 ஆக்கி விற்கும் மோசடி மிகப் பழையது. டியைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, ஏனென்றால் டி அசலானது. லிங்கனின் தோளைப் பார்க்க வேண்டும். வி.டி.பி. எழுத்துகள் தோளில் சிறியதாகத் திரும்ப வந்தது 1918-இல்தான். 1914 காசின் தோளில் அது இருந்தால் காசு பொய்.

விலையைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான ஆர்.பி.எம். காசுகள் பணம் தராது. சற்றே விலகிய செரிஃப் உள்ள 1950களின் சென்டை விற்றால் தபால் செலவுக்கே காணாது. படுத்த எஸ், முழுதாக விலகிய 1956 டி, 1943-இன் துத்தநாகம் பூசிய எஃகு சென்டில் வரும் அழுத்தமான டி மேல் டி, ஓ.எம்.எம். வகைகள் போன்ற சிலவற்றுக்குத்தான் உண்மையான கிராக்கி இருக்கிறது. அதுவும் காசு தேயாமல் இருந்தால். இந்தியாவில் பழைய காசுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம் என்று சொல்லி முதலில் கமிஷனும் வரியும் கேட்பவர்களைப் பற்றி 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது. காசு விற்க நாம் முன்பணம் கட்ட வேண்டும் என்று யார் சொன்னாலும் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். நான் இதில் இருப்பது வேறு ஆசையால். கோடிக்கணக்கில் யந்திரம் அடித்த ஒரு பொருளில் ஒரு மனிதனின் கை நடுங்கிய இடம் தெரிகிறது. பிலடெல்பியாவில் அந்தப் பஞ்சைப் பிடித்தவர்களின் பெயர்கள் காசில் இல்லை. அவர்கள் திருத்திய தடயம் இருக்கிறது. எனக்கு அது போதும்.

தொடங்க விரும்புபவர்களுக்கு 1940களிலும் 50களிலும் வந்த கோதுமைக் கதிர் சென்ட்கள்தான் சரி. போர்க்காலத் தேவையும் அதன் பின் வந்த தேவையும் சாலைகளை ஓயாமல் ஓட வைத்தன, டைகளும் ஏராளமாகப் போயின. எஸ் வேண்டுமானால் 1955-க்குள் தேடுங்கள், அந்த ஆண்டோடு சான் பிரான்சிஸ்கோ பல ஆண்டுகளுக்கு நின்றுபோனது. புழக்கத்துக்குச் சென்ட் அடிப்பதையே 2025 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். அதற்காகப் பழைய காசு உடனே அரிதாகிவிடாது, அவசரப்பட்டு அதிக விலைக்கு வாங்க வேண்டியதில்லை. கலவையாக விற்கும் ஒரு சிறு பை வாங்குங்கள். அட்டைச் சட்டத்தில் வைத்து, ஆண்டு, சாலை, திசை, டையின் கீறல் எங்கே இருக்கிறது என்பதை எழுதிவையுங்கள். பட்டியலில் எண் கிடைக்காத காசையும் அதே மாதிரி குறித்துவைத்தால் பின்னால் பொருந்தும் ஜோடி ஒன்று வந்து சேரலாம். மென்மையான பிவிசி உறைகள் வேண்டாம், நாளடைவில் காசில் பச்சைப் பிசுக்கு ஏறும்.

நம் வீடுகளில் செம்பைக் கண்டால் புளியை எடுக்கும் கை சும்மா இருக்காது. காசுக்கு அது கூடவே கூடாது. புளியின் அமிலம் மேல் தோலைத் தின்றுவிடும், அதோடு தேய்ப்பும் சேர்ந்தால் மெலிந்த இரண்டாவது எழுத்தின் விளிம்புதான் முதலில் போகும். விளிம்பு போன பிறகு அது ரீபஞ்சா, மெஷின் டபுளிங்கா என்று சொல்ல யாராலும் முடியாது. அழுக்கு அப்பியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவிட்டு, தேய்க்காமல் துணியில் ஒற்றி எடுங்கள்.